ஏர்பெட்டில் தொடங்கி, ஆன்லைன் கடையையே விட்டு வந்த அனுபவம்

பல வருடமாக வீட்டுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே பெரிய ஆன்லைன் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். போன வருடம் அதை முழுவதுமாக விட்டுவிட்டேன். முதலில் அவர்கள் என் கணக்கை முடக்கினார்கள். அப்புறம் நான் திரும்பிப் போகவில்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த மாதிரி எந்தப் பெரிய ஆப்பிலும் நடக்கலாம், அதனால் பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தச் சில மாதங்கள் யாரிடம் கேட்பது, எங்கே போவது என்று சொல்ல ஆளில்லாமல் தனியாகத் திண்டாடினேன். முக்கியமாக, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தால் இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. நான் வேலைக்குப் போகிறேன், பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார். 2020 ஊரடங்கில் வெளியே போக முடியாமல் ஆரம்பித்த ஆன்லைன் பழக்கம், அப்பா படுத்த பிறகு இன்னும் கூடிவிட்டது. பெரியவர்களுக்கான டயப்பர், கட்டிலில் விரிக்கும் அண்டர்பேட், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், கையுறை எல்லாம் மாதாமாதம் தானாகவே ஆர்டர் ஆகிவிடும். மிக்ஸி, இன்வெர்ட்டர் பேட்டரி, அப்பாவின் வீல்சேர் வரை அங்கே வாங்கியதுதான். ராத்திரி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் மின்நூல்கள் அதே கணக்கில். வருடச் சந்தா யூபிஐ ஆட்டோபேயில். எதையாவது திருப்பிக் கொடுத்தால் பணம் அவர்களுடைய வாலட்டிலேயே உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும். வங்கிக்கு வர நாலைந்து நாள் ஆகும் என்பதால் நானும் வாலட்டையே தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். இத்தனையும் ஒரே கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தன.

அப்பாவின் இடுப்புக்குக் கீழே தோல் சிவக்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் அந்தச் சிவப்பு மாறவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். டாக்டர் ஏர்பெட் வாங்கச் சொன்னார், அன்றைக்கு இரவே 4,199 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். ஏர்பெட் என்பது சாதா மெத்தையின் மேல் விரிக்கும், சின்னச் சின்னக் குமிழ்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கட்டிலின் கால்மாட்டில் ஒரு பம்பு தொங்கும், அதிலிருந்து இரண்டு குழாய். ஒரு வரிசைக் குமிழ்கள் நிரம்பும்போது பக்கத்து வரிசை தளரும், சில நிமிடத்தில் அது மாறும். உடம்பின் ஒரே இடத்தில் எடை தங்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு வந்த பம்பு சில நாளிலேயே நின்றுபோனது. விளக்கு எரிந்தது, காற்று வரவில்லை.

ஆப்பில் திருப்பி அனுப்பப் போனால், இந்தப் பொருளுக்குப் பணம் கிடையாது, மாற்றி மட்டும் தருவோம் என்று இருந்தது. சரி என்று மாற்றித் தரச் சொல்லிப் பதிவு செய்தேன். எடுக்க வந்த தம்பி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரிஜினல் கவர்ல இருக்கிற பார்கோடு ஸ்டிக்கர் இல்லாம என்னால ஸ்கேன் பண்ண முடியாது" என்றான். படுக்கையில் இருப்பவருக்காகப் பிரித்து விரித்த பொருளின் கவரை யார் எடுத்து வைத்திருப்பார்கள்? அந்தப் பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவன் போனில் ஓகே ஆகாவிட்டால் பாவம் அவனால் என்ன செய்ய முடியும். ஆனால் அவன் போன பிறகு ஆப்பில், "வாடிக்கையாளர் திருப்பித் தர மறுத்தார்" என்று பதிவாகியிருந்தது. அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. சாட்டில் போனால் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு நடு ராத்திரியில் தட்டச்சு செய்துகொண்டே அழுதிருக்கிறேன். இங்கே ஒரு விஷயம்: பொருளை எடுக்க ஆள் வந்தால், அவர் எதிரிலேயே பொருளையும் பெட்டியையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் எடுக்கவில்லை என்று அவர் வாயால் சொல்வதும் அதில் பதிவாகட்டும். பின்னால் எனக்குக் கை கொடுத்தது அன்றைக்கு நான் அப்படி எடுத்த வீடியோதான்.

புண் நமக்காகக் காத்திருக்காது. மறுநாள் ஆபீஸிலிருந்து வரும் வழியில் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கிற ஒரு சர்ஜிக்கல்ஸ் கடையில் இறங்கினேன். அத்தனை வருடம் பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டித்தான் போய்வந்திருக்கிறேன். கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வியே, "அப்பா எவ்வளவு வெயிட்டும்மா? ஒருக்களிச்சுப் படுப்பாரா?" என்பது. ஒரு பம்பை எடுத்து அங்கேயே பிளக்கில் சொருகி, இரண்டு குழாயின் முனையையும் என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றில் காற்று மெதுவாக முட்டியது, இன்னொன்று சும்மா இருந்தது. "அப்படியே பிடிச்சிருங்க, மாறும்" என்று சொல்லிவிட்டு வேறு ஒருவருக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் காற்று மற்ற குழாய்க்கு மாறியது. "இது மாறுதான்னு பார்க்காம எந்தக் கடையிலயும் பம்பு வாங்காதீங்க" என்றார். வீட்டில் விரித்த பிறகு ஏர்பெட்டுக்கு அடியில், இடுப்பு படுகிற இடத்தில் கையை விட்டுப் பார்க்க வேண்டும், எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்புதான் போட வேண்டும், தடிமனாக மடித்துப் போட்டால் பலன் கிடையாது. ஏர்பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதை விடக் கூடாது. இத்தனையும் கல்லாவில் நின்றபடியே சொன்னார். விலை 2,900 ரூபாய். வேண்டுமானால் மாதம் 700 ரூபாய் வாடகைக்கும் தருவதாகச் சொன்னார். ஏர்பெட் மட்டுமில்லை, மடக்குக் கட்டில், வீல்சேர், ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எல்லாமே முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் சென்னையில் நிறைய இருக்கின்றன. எத்தனை மாதம் தேவைப்படும் என்று தெரியாத பொருளை முதலிலேயே முழு விலை கொடுத்து வாங்குவதற்கு முன், வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இனி பழைய பணத்தின் கதை. சாட்டில் திரும்பத் திரும்ப ஒரே பதில்: "நாங்கள் விற்பனையாளர் இல்லை, தளம் மட்டும்தான்." இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் கடைகள் நம் நாட்டில் சரக்கைத் தாங்களே வைத்து நேரடியாக நமக்கு விற்கக் கூடாது, பிறர் விற்பதற்கு இடம் மட்டும்தான் தரலாம். 2018 டிசம்பரில் வந்த அரசு அறிவிப்பு இதை இன்னும் இறுக்கியது, 2019 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறை. அதனால் பில்லைப் பார்த்தால் விற்றவர் பெயர் நாம் கேள்விப்பட்டே இருக்காத ஏதோ ஒரு நிறுவனமாக இருக்கும். எனக்கு விற்றவர் வடமாநிலத்தில் இருந்தார், அந்த எண்ணை யாரும் எடுக்கவே இல்லை. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, தளத்தில் விற்பவர் பழுதான பொருளையோ, சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்கவும் பணம் கொடுக்கவும் மறுக்கக் கூடாது. தளம் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்து அவர் பெயரையும் தொடர்பையும் வெளியிட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆப்பில் அந்தப் பெயர் எங்கோ அடியில், யாரும் போகாத பக்கத்தில்தான் இருக்கும். தேடி எடுங்கள். சாட்டில் மணிக்கணக்காக மன்றாடுவதைவிட அவருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் போடுவது மேல். ஆர்டர் எண், தேதி, வீடியோ, என்ன கேட்கிறோம் என்ற ஒரு வரி, இந்த விதியைப் பற்றி ஒரு வரி. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். எனக்கு ஆளே இல்லாதது போன்ற பதில்கள் நின்று, ஒருவர் பெயரோடு பதில் வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பதில் வருவதற்குள் கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியிலும் அந்தத் தொகைக்கு ஆட்சேபம் பதிவு செய்திருந்தேன். சார்ஜ்பேக் என்பார்கள், அது நம் உரிமை. ஆனால் அதற்கு ஒரு பின்விளைவு இருப்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வங்கியிலிருந்து தகவல் போன கையோடு கடை என் கணக்கை "வழக்கத்துக்கு மாறான செயல்பாடு" என்று முடக்கிவிட்டது. அப்போதுதான் எத்தனை விஷயம் ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. வாலட்டில் இருந்த 3,860 ரூபாயைத் தொட முடியவில்லை. வாங்கிய மின்நூல்கள் திறக்கவில்லை. அந்த மாத டயப்பர் வரவில்லை, வராது என்று ஒரு செய்தி கூட இல்லை, பாக்கெட் தீர்ந்த காலையில்தான் அக்கா சொல்லித் தெரிந்தது. இன்வெர்ட்டர் பேட்டரி அதே சமயத்தில் படுத்துவிட்டது. வாரண்டிக்குப் பில் கேட்டார்கள். பில் கணக்குக்குள் மாட்டிக்கொண்டிருந்தது, மெயிலில் வந்திருந்தது வெறும் லிங்க்தான், அதை அழுத்தினால் லாகின் கேட்கும். பேட்டரியில் பொறித்திருந்த தயாரிப்புத் தேதியை வைத்து அவர்கள் கணக்குப் போட்டார்கள், சில மாத வாரண்டி அநியாயமாகப் போனது. இத்தனைக்கும் நடுவில், முடக்கிய கணக்குக்கே வருடச் சந்தாப் பணம் ஆட்டோபேயில் பிடிக்கப்பட்டது.

அதனால் தகராறு எதையும் தொடங்குவதற்கு முன்பே, அல்லது விட்டுவிடலாம் என்று நினைத்த அன்றே, செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. வாரண்டி உள்ள பொருள் ஒவ்வொன்றின் பில்லையும் பிடிஎஃப்பாக இறக்கி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வாலட் இருப்பை அரிசி பருப்பாகவாவது மாற்றிக் காலி செய்யுங்கள், இனி எந்த ரீஃபண்டும் பணம் கட்டிய கார்டுக்கோ வங்கிக்கோதான் வர வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள், நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. தானாக ஆர்டர் ஆகிற பொருள்களை நிறுத்துங்கள். சந்தாவைக் கடையின் ஆப்பில் ரத்து செய்தால் மட்டும் போதாது. யூபிஐ ஆப்பைத் திறந்து ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டையே, அதாவது தானாகப் பணம் பிடிக்க நாம் கொடுத்த அனுமதியையே, ரத்து செய்யுங்கள். கார்டில் என்றால் வங்கியின் ஆப்பில் இருக்கும். பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். டிவியிலும் பழைய போனிலும் லாகின் இருந்தால் வெளியேறுங்கள். இத்தனையும் முடிந்து, கடைசியாக வாங்கிய பொருளைத் திருப்பித் தருகிற கெடுவும் தாண்டிய பிறகு கணக்கை மூடச் சொல்லுங்கள். மின்நூல்களுக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. காசு கொடுத்து வாங்கியும் அவை நம்முடையவை ஆவதில்லை, கணக்கு போனால் கூடவே போய்விடும். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பணம் எப்படி வந்தது என்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். அவர்கள் புகாரைக் கடைக்கு அனுப்பி பதில் கேட்கிறார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. அது போன பிறகு ஏர்பெட்டின் 4,199 ரூபாய் வந்துவிட்டது. வாலட் பணம் வரவில்லை. அதற்காகச் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், இன்னும் நடக்கிறது. 3,860 ரூபாய்க்கு இவ்வளவு மெனக்கெடணுமா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், கடையின் தலைமை அலுவலகம் எங்கிருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியில் வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவேற்றலாம். மனுவை எழுதி, ஸ்கேன் செய்து ஏற்றுவதற்குத்தான் என் வார இறுதிகள் போயின. ஆனாலும் செய்ததில் வருத்தமில்லை.

வெளியே வாங்க ஆரம்பித்த முதல் மாதம் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது. விரல் நுனியில் இருந்ததற்கெல்லாம் சனிக்கிழமையைச் செலவழிக்க வேண்டியிருந்தது. போகப் போகத்தான் எது எங்கே என்று பிடிபட்டது. டயப்பரில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நான் வாங்கிக்கொண்டிருந்த பத்து டயப்பர் பாக்கெட்டின் எம்.ஆர்.பி. ஐநூற்றுச் சொச்சம். ஆன்லைனில் 360-க்கு வாங்கும்போது பெரிய தள்ளுபடி என்று நினைத்திருந்தேன். சர்ஜிக்கல்ஸ் அண்ணன் மொத்தமாக ஒரு பெட்டி எடுத்தால் பாக்கெட் 320 என்றார். எம்.ஆர்.பி.க்கு மேல்தான் விற்கக் கூடாது, எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்து விற்கலாம். இந்த மாதிரிப் பொருள்களில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் வாங்குகிற விலைக்கும் இடைவெளி அதிகம், அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்பாவின் இடுப்பை டேப்பால் அளந்து வரச் சொல்லி, நான் எல் சைஸ் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் எம் சைஸ் போதும் என்றார். ராத்திரி பக்கவாட்டில் கசிவது அதோடு நின்றது. நிறைய வேண்டுமானால் பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் மொத்த விலைக்குப் பார்க்கலாம். ஆனால் அலைச்சலுக்கும் ஆட்டோவுக்கும் கணக்குப் போட்டால் எனக்குக் குரோம்பேட்டையே சரிப்பட்டது.

மாத்திரைகளில் இன்னும் மிச்சமானது. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் மாநில அரசின் முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் மாத்திரைகள், அதாவது கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்கும் மாத்திரைகள், கிடைக்கின்றன. 2025 பிப்ரவரியில் ஒரே நாளில் 1,000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தார்கள், எங்கள் பக்கமும் ஒன்று வந்தது. டாக்டரிடம் கேட்டு, சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். கடையில் இல்லாத மாத்திரைக்குப் பதிலாக வேறு எதையும் நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

மளிகைக்குத் தெருமுனை அண்ணாச்சி கடை. வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பினால் சாயங்காலம் பையன் கொண்டுவந்து வைத்துவிடுகிறான். இதற்கும் பத்து நிமிட டெலிவரி ஆப்புக்கும் போட்டியே கிடையாது, அப்பா இருக்கும் நிலையில் பத்து நிமிடத்தில் வந்தே ஆக வேண்டிய பருப்பு எதுவும் எனக்கு இல்லை. சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரியானவற்றுக்கு ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும். அங்கே சில கடைகளில் "டெஸ்டிங் வாரண்டி" என்பார்கள், அதாவது கடையில் வேலை செய்ததைக் காட்டியதோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். புத்தகங்களைப் பதிப்பாளர்களிடமே நேரடியாகத் தபாலில் வாங்குகிறேன், அவசரமில்லாதவற்றைப் பொங்கல் சமயத்தில் நந்தனத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒதுக்கிவைக்கிறேன். பத்து சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது, வாங்கிய புத்தகத்தை யாரும் பூட்டவும் முடியாது.

உள்ளூர்க் கடை எல்லாமே உத்தமம் என்று சொல்ல மாட்டேன். ஒரு எலெக்ட்ரிகல் கடையில் மிக்ஸி ஜாருக்குப் பில்லுக்குப் பதிலாக "எஸ்டிமேட்" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பில் வேண்டுமென்றால் ஜிஎஸ்டி சேரும் என்று பயமுறுத்தவும் செய்தார்கள். எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடக்கம், அதற்கு மேல் வரி கேட்க முடியாது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று போர்டு மாட்டியிருந்தாலும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க வேண்டும். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். நான் பில் இல்லாமல் வாங்க மாட்டேன் என்று சொல்லி ஜாரை வைத்துவிட்டுக் கிளம்பினேன், பின்னாலேயே கூப்பிட்டுப் பில் போட்டுக் கொடுத்தார்கள். சில பொருள்களுக்கு இன்றும் கூடுதலாகத்தான் கொடுக்கிறேன். வீல்சேரின் கால்தாங்கி உடைந்தபோது அந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்கவில்லை, கடைசியில் தயாரிப்பாளருடைய சொந்தத் தளத்தில் பணம் கட்டி வரவழைத்தேன்.

படுக்கையில் இருப்பவருக்காக முதல் முறை சர்ஜிக்கல்ஸ் கடைக்குப் போகிறவர்களுக்கு: எடை, இடுப்பளவு, டாக்டர் சீட்டு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுத்தால் முன்பணத் தொகையும், எடுத்த தேதியும், நடுவில் பழுதானால் மாற்றித் தருவார்களா என்பதும் ரசீதில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் இன்னொரு கடையின் எண்ணையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டியாக டயப்பர் வாங்கும்போது, அளவு மாறினாலோ தேவை இல்லாமல் போனாலோ பிரிக்காத பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான். எங்கள் கடை அண்ணன் சரி என்றார், அதைப் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.